ஒற்றை மீனும் ஆறு நாள் தண்ணீரும்

எங்கள் லாபு ரப்பர் தோட்டத்துக் கூலி லயத்தில் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்த்த முதல் ஆள் பஞ்சாலைதான். ஐம்பத்தொன்றாம் வருஷம். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்டவர்களுக்கு நாங்கள் சோறு கொடுத்துவிடக் கூடாதென்று, சர்க்கார் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு எங்களை அடைத்திருந்த நேரம். சீமைக்குத் திரும்பிப் போன துரைசானி அந்தத் தொட்டியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். பஞ்சாலை சிரம்பான் டவுனிலிருந்து ஐந்து சிவப்பு மீன் வாங்கி வந்தாள். அடேயப்பா, அன்றைக்கு அவள் போட்ட கூத்து! "வேலிக்குள்ள அடைஞ்சு கிடக்கோம்க்கா. பார்த்துச் சிரிக்க ஒண்ணாவது வேணாமா?" என்றாள். பக்கத்து வீட்டுக்காரி நான், அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன்.

பஞ்சாலை தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் பால் வாளி கழுவுகிறவள். வாளியில் நேற்றைய பால் துளி ஒட்டியிருந்தாலும் இன்றைய பால் கெட்டுவிடும். அப்புறம் வேலையை மேற்பார்க்கிற மண்டோரின் வாயில் விழவேண்டியதுதான். அதனால் சுத்தம் என்றால் அவளுக்கு வெறி. மீன் தொட்டியை மட்டும் விடுவாளா? தினமும் காலையில் மீன்களைச் சட்டிக்கு மாற்றி, அடி மணல்வரை அலசி, கண்ணாடியைத் தேய்த்து, பைப்பிலிருந்து புதுத் தண்ணீர் நிரப்புவாள். மேலே ஒரு பிடி சோறு வேறு. இரண்டு வாரத்தில் நாலு மீன் செத்து மிதந்தன. ஒவ்வொன்று செத்ததும் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். "போதும்டி, கண்ணாடியே தேஞ்சிடும்!" என்று கத்தினேன். கேட்டால்தானே!

மிஞ்சியது ஒன்றுதான். அதுவும் போனால் தொட்டியை உடைத்துப் போடுவேன் என்று அழுதாள்.

அந்த வாரம் பார்த்து யாரோ தோட்டத்து லாரியைக் கொளுத்திவிட்டார்கள். ஆறு நாள் ஊரடங்கு. தினம் ஒரு மணி நேரம் மட்டும் பைப்படிக்குப் போகலாம், வீட்டுக்கு இரண்டு வாளி. சோறும் அளந்துதான் கிடைத்தது. மீனுக்கு ஏது?

இரண்டாம் நாள் தொட்டித் தண்ணீர் வெளுத்துக் கலங்கியது. "பால் மாதிரியே கெட்டுப்போச்சுக்கா!" என்று பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அலறினாள். அவள் புருஷன் நல்லசாமி குடிதண்ணீரை எடுத்து ஊற்றப் போனான். "உங்க தொண்டை காயணுமா? வேணாங்க" என்று தடுத்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் அவள் சுவரை இடித்த இடியில் என் தகரக் குவளை உருண்டது.

"அக்கா! தெளிஞ்சிருச்சு! தானாவே தெளிஞ்சிருச்சு! பாரு லா!"

பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். அடி மணல் தெரிந்தது. கல்லில் லேசாகப் பாசி. அந்தச் சிவப்புப் பயல் வாலை ஆட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறான்! சத்தியமாகச் சொல்கிறேன், இந்தப் பக்கம் நான் குதித்தேன்.

ஊரடங்கு எடுத்த அன்று நல்லசாமி வாளி ததும்ப ஓடிவந்தான். "முதல் தண்ணி உன் மீனுக்குத்தான் புள்ள!"

பஞ்சாலை பாய்ந்து தொட்டியை மறைத்துக்கொண்டாள். "கிட்ட வராதீங்க! அது பழைய தண்ணியிலதாங்க பொழைச்சுக் கிடக்கு. அந்த நாலையும் கழுவிக் கழுவியே கொன்னது நான்தான்." சொல்லிவிட்டு, சிரிப்பும் அழுகையுமாகத் தொட்டியைக் கட்டிக்கொண்டு நின்றாள்.