ஒரே சீராக அடித்த இருதயம்

அன்பான விசுவாசிகளே, ஆண்டவருக்குத் தோத்திரம். நான் நாகலாபுரம் பக்கத்திலிருந்து எழுதும் ஜெபமணி. மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் சபையில் மைக் பிடித்து ஒரு சாட்சி சொன்னேன். என் கணவருக்குப் பத்து வருஷமாக இருந்த சர்க்கரை வியாதியை ஆண்டவர் எடுத்துப்போட்டார் என்றேன். சபையே கைதட்டியது. அந்தச் சாட்சி பொய். அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

சொன்னபோது பொய்யென்று தெரியாது. ஆறு மாதம் கழித்து ஆட்டுப்பட்டியில், புண்ணாக்குச் சாக்குக்கு அடியில் மாத்திரை அட்டைகள் கிடந்தன. மாத்திரையை நிறுத்தச் சொன்னவள் நான். என் பேர் கெடக் கூடாதென்று மனுஷன் ஒளித்து வைத்து விழுங்கியிருக்கிறார். பார்த்தும் நான் மூச்சு விடவில்லை. "சர்க்கரை இருக்கு" என்று வாயால் சொன்னால் அவிசுவாசம் ஆகிவிடுமே! இல்லை என்று அறிக்கை செய்தால் இல்லாமல் போகும் என்பதுதானே எங்கள் வழக்கம். அதைவிட, சபையில் என் கௌரவம். ச்சீ, எழுதவே கூசுகிறது.

போன ஐப்பசியில், கிடாயைத் தூக்கி வேனில் ஏற்றும்போது அவருக்குக் குடல் இறங்கிவிட்டது. கோவில்பட்டியில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்கு நாள் குறித்தார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா முந்தின நாள் கேட்டார்: "ஐயாவுக்கு சுகர், பிரஷர் ஏதும் உண்டாம்மா?"

கணவர் என் முகத்தைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்: "ஒண்ணும் கிடையாதும்மா. கர்த்தர் கிருபையில நல்லாருக்காவ." ரத்தப் பரிசோதனையும் சரியாகவே வந்தது. வராமல் என்ன? ஒளித்துத் தின்ற மாத்திரை வேலை செய்துகொண்டிருந்ததே.

மறுநாள் காலை தியேட்டர் வாசலில் முழங்கால் போட்டு ஒரே ஜெபம்: "ஆண்டவரே, அவியளுக்கு இருதயம் ஒரே சீரா அடிக்கட்டும்." சற்று நேரத்தில் நர்ஸ் எட்டிப் பார்த்து, "பயப்படாதீங்க யக்கா, மயக்கம் இன்னும் கொடுக்கல. மிஷின்ல நாடி ஒரே சீரா ஓடுது" என்றாள். "தோத்திரம்!" என்று கத்தியேவிட்டேன்.

பின்னாலேயே டாக்டரம்மா வந்தார். முகம் சரியில்லை.

"அம்மா, சீரா அடிக்கதுதான் எனக்குப் பயமா இருக்கு. நல்ல உடம்புன்னா மூச்சு இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது மெதுவாகும். இடைவெளி மாறிக்கிட்டே இருக்கணும். ஐயாவுக்கு மாறவே மாட்டேங்குது. ரொம்ப வருஷம் சுகர் இருந்து நரம்பு கெட்டுப்போனா இப்படி ஆகும். தெரியாம மருந்தைக் கொடுத்தா பிரஷர் தடால்னு விழும். ஆளே திரும்பாமப் போயிரலாம். உள்ளதச் சொல்லுங்க."

பக்கத்தில், எனக்காக ஜெபிக்க வந்த பாஸ்டரம்மா நின்றார். சொன்னால் என் சாட்சி போகும். சொல்லாவிட்டால் என் மனுஷன் போவார். அப்படியும் ஒரு நிமிஷம் யோசித்தேன் பாருங்கள், அந்த ஒரு நிமிஷம்தான் இன்றுவரை என்னைத் தின்கிறது.

"இருக்கும்மா. பதிமூணு வருஷமா இருக்கு. நான்தான் மறைச்சேன்." சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. உள்ளே ஓடினார். மருந்தை மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்களாம். அப்படியும் நடுவில் பிரஷர் இறங்கியிருக்கிறது. மிஷின் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் இருந்ததால் உடனே ஏற்றிவிட்டார்கள்.

மதியம் கண் விழித்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "அழாதட்டி. நீ பாத்தது எனக்குத் தெரியும். அட்டை இடம் மாறிக் கிடந்துச்சுல்லா" என்றார்.

சீராக அடிக்கட்டும் என்று கேட்டேன். அந்தச் சீரை வைத்தே ஆண்டவர் என் பொய்யைப் பிடித்துக் கொடுத்தார். அதுதான் என் ஜெபத்துக்கு வந்த பதில்.

அடுத்த ஞாயிறு அதே மைக்கில் உண்மையைச் சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. ஆராதனை முடிந்ததும் ஒரு சகோதரி என் கையைப் பிடித்தாள். "யக்கா, உங்க சாட்சியக் கேட்டுத்தான் நானும் மாத்திரைய நிறுத்துனேன்." என் உயிரே போய்விட்டது. மறுநாள் முதல் பஸ்ஸில் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். இப்போது சுகமாக இருக்கிறாள்.

ஆண்டவரை நம்புங்கள், அவர் கைவிடமாட்டார். என் பழைய சாட்சியைக் கேட்டு வேறு யாரும் மருந்தை நிறுத்தியிருந்தால், இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். அவர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். ஆண்டவர் கோபிக்க மாட்டார்.