தொட்டிக்குள்ளிருந்து வந்த பதில்

கட்டுக்கதை என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். சொரிமுத்து இன்றும் மலையாள ஊரான கழக்கூட்டத்தில்தான் இருக்கிறார். கொத்து வேலை, பூச்சு வேலை எல்லாம் பார்க்கிறார். தொட்டி வேலைக்கு மட்டும் போவதில்லை. ஏன் என்று கேட்டால், இதைத்தான் சொல்வார். ஒரு சொல்கூட மாறாது.

அது பெண்கள் விடுதி. பின்பக்கம் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி ஒன்று பல வருடமாக மூடிக் கிடந்தது. சேற்றை வழித்து, விரிசலைப் பூசித் தர வேண்டும். அப்படிப்பட்ட தொட்டியை ஒரு நாள் முழுக்கத் திறந்துபோட்டுக் காற்றாட விட்டுத்தான் இறங்கலாம். சொரிமுத்துவுக்கு இது தெரியும். விடுதிக்காரர் அவசரப்படுத்தினார். காலையில் திறந்தார்கள். மத்தியானமே சொரிமுத்துவின் மனைவியின் தம்பி வேலாயுதன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. மேலே இருப்பவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கீழே இருப்பவன் கொத்துக்கரண்டியால் இரும்பு ஏணியில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். தட்டு வரவில்லை என்றால் கயிற்றை இழுத்துவிட வேண்டும்.

"நீங்க போடுற சத்தத்துக்கு விடுதிப் பிள்ளைகள்லாம் கூடிருவாளுக, அத்தான்."

"வாயை மூடிட்டுத் தட்டுல."

நல்ல வெயில். தெருவில் பேருந்து போகும் சத்தம்.

"மாப்ளே!"

டங்... டங்.

சேற்று வாளி மேலே வந்தது. கொட்டினார். வெறும் வாளியை இறக்கினார். மறுபடி கூப்பிட்டார். மறுபடி தட்டு. ஆனால் இந்த முறை, அவர் கூப்பிட்டு முடிப்பதற்குள்ளேயே வந்தது.

"அவசரத்தைப் பாரு..." என்று சிரித்தார்.

அடுத்த வாளி கனத்தது. இழுத்துக் கொட்டினார். சேற்றோடு ஏதோ 'ணங்' என்று தரையில் விழுந்தது.

கொத்துக்கரண்டி.

வேலாயுதனின் கரண்டி.

"மாப்ளே...?"

டங்... டங்.

கயிற்றைப் பிடித்து இழுத்தார். கனமே இல்லை. சரசரவென்று வந்தது. நுனி வரைக்கும் வந்தது. முடிச்சு அவிழ்ந்திருந்தது.

தலையை உள்ளே நீட்டினார். ஒரு மூச்சுதான். கண் இருட்டியது. விடுதிக் காவலாளி ஷிபு பின்னாலிருந்து அவரைப் பிடித்து இழுத்தான்.

"இறங்கருது அண்ணா! நிங்களும் போயிடும். ஃபயர் ஃபோர்ஸ் வரட்டே!"

விளிம்பில் குப்புறக் கிடந்தார். அவரால் செய்ய முடிந்தது கூப்பிடுவது ஒன்றுதான்.

"மாப்ளே..."

டங்... டங்.

"கேட்டில்லே? ஆளுக்கு போதம் உண்டு, நினைவு இருக்கு அண்ணா," என்றான் ஷிபு.

சொரிமுத்து தன் பக்கத்தில் கிடந்த கரண்டியைப் பார்த்தார்.

பிறகு கூப்பிடவில்லை. வாயைப் பொத்திக்கொண்டார்.

டங்... டங்.

டங்... டங்.

தீயணைப்பு வண்டி வரும்வரை அது நிற்கவில்லை.

முகமூடி போட்டு இறங்கிய வீரர் வேலாயுதனைத் தூக்கி வந்தார். ஏணிக்கு எதிர் மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தானாம். நினைவு போய் வெகுநேரம் ஆகியிருக்கும் என்றார்.

அவன் பிழைத்தான். மெடிக்கல் காலேஜில் அவன் கண் விழித்ததும் சொரிமுத்து அழுதுவிட்டார்.

"மன்னிச்சிரு மாப்ளே. என்னால இறங்க முடியல."

வேலாயுதன் அவரையே பார்த்தான்.

"என்ன அத்தான் சொல்லுதிய? நீங்கதான இறங்கி வந்திய? கயித்தை அவுத்துவிட்டிய. 'நீ உக்காரு, இனி நான் தட்டிக்கிடுதேன்'னு சொன்னிய..."

அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்க பக்கத்துல இருக்கியன்னுதான் பயப்படாம கண்ணை மூடுனேன்."