ஒன்று கூட்டினால்

பெங்களூரில் வேலை போனதும் தம்பி பெட்டியோடு சிவகாசிக்கு வந்து சேர்ந்தான். நான் அப்போது வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். பஸ்ஸில் நின்றுகொண்டே வீடு திரும்பிக் காலை நீட்டி உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. அவனுக்கோ பகல் முழுக்க வீட்டில் இருந்து அலுத்துப் போயிருக்கும். நான் வந்ததும் இருபது முகமுள்ள ஒரு பகடையை எடுத்து வைப்பான். பெங்களூரில் அறைத் தோழர்களோடு ஆடிப் பழகிய கதை விளையாட்டு. அவன் கதை சொல்வான். கதைக்குள் இருக்கும் என் ஆள் என்ன செய்கிறான் என்று நான் சொல்ல வேண்டும். அது நடக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும்.

ஒருநாள் என் ஆள் ஒரு கோட்டைக் கதவு முன்னால் மாட்டிக்கொண்டான். அதைத் திறக்க இருபது விழுந்தாக வேண்டும். உருட்டி உருட்டி ஓய்ந்து போனேன்.

"சரிக்கா, ஒரு கடப்பாரை கிடைச்சிருச்சுன்னு வச்சுக்க. விழுறதோட ஒண்ணு கூட்டிக்க. பத்தொம்பது விழுந்தாலே போதும். வாய்ப்பு ரெண்டு மடங்கு ஆயிருச்சு பாரு."

"ஆமாலே. ஒரு முகம் இருந்த இடத்துல ரெண்டு முகம். மிச்சம் பதினெட்டுக்கும் கதவு தெறக்காதுல்ல?"

வகுப்பில் சொல்வதுபோலத்தான் சொன்னேன். பதினொன்று விழுந்தால் போதும் என்ற இடத்தில் பத்து முகம் நமக்கு. ஒன்று கூட்டினால் பதினொரு முகம். எங்கே கூட்டினாலும் கூடுவது ஒரே ஒரு முகம்தான். கஷ்டமான இடத்தில் அது இரண்டு மடங்காகத் தெரியும், லேசான இடத்தில் கண்ணுக்கே தெரியாது.

அவன் பகடையைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"மதுரைல ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் சேரலாம்னு இருந்தேன்க்கா. அதுவும் இப்படி ஒரு முகம் கூட்டுறதுதானோ?"

"இது வெளையாட்டுலே. ரெண்டையும் போட்டுக் குழப்பாத. சேரணும்னு தோணுனா சேரு."

அதற்கு மேல் பேச எனக்குத் தெம்பில்லை. தோசைக்கல்லை அடுப்பில் வைக்கப் போனேன்.

சேர்ந்தான். விடிகாலை பஸ்ஸில் போய் இருட்டிய பிறகு வருவான். ஆட இருவருக்குமே சக்தியில்லை. கோர்ஸ் முடித்து எங்கெங்கோ விண்ணப்பம் போட்டான். இரண்டு இடத்தில் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள், அதோடு சரி. காலண்டர் சீசன் வந்தபோது உள்ளூர் அச்சகம் ஒன்றில் ஆர்டர் பார்க்கச் சேர்ந்தான். அம்மா சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்தார்.

ஒரு சாயங்காலம், லோடு ஏற்றிக்கொண்டிருந்த லாரிக்குப் பின்னால் என் பஸ் நின்றது. அச்சக வாசலில் அவன் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியபடி, "ஏத்தியாச்சுண்ணே, காலையில வந்துரும், கவலைப்படாதீக" என்றான். குரல் நிதானமாக இருந்தது. கூப்பிடலாமா என்று யோசிப்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.