தண்ணீர் குடிக்காமல் போன நாள்

திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் மாலையே தண்ணீரை நிறுத்திவிட்டேன். சித்தூரிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்து. நடுவில் பெண்கள் இறங்கி ஒதுங்க நல்ல இடம் கிடையாது. பயணம் என்றால் எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். டாக்டர் முன்னால் ஈரப் பாவாடையோடு நிற்கக் கூடாது என்ற பயமும் இருந்தது.

மகளுக்கு இரண்டு வயது. அவள் பிறந்ததிலிருந்து இருமினால், தும்மினால், சத்தமாகச் சிரித்தால் எனக்குச் சிறுநீர் கசிகிறது. அவளைத் தூக்கும்போதுதான் அதிகம். "அம்மா, தூக்கு" என்று கையை நீட்டுவாள். நான் தரையில் உட்கார்ந்து மடிக்கு இழுத்துக்கொள்வேன். கொஞ்ச நாளாக அவள் என்னிடம் கேட்பதில்லை. நேராக அப்பாவிடம் போகிறாள். அவள் அப்படித் திரும்பி நடப்பதைப் பார்க்க முடியாமல்தான் கிளம்பினேன். சித்தூரில் பார்த்த டாக்டர், பிள்ளை பெற்றால் இதெல்லாம் சகஜம் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். இங்கேயும் அதையே சொன்னால் பிறகு யாரிடம் போவது?

டோக்கன் கூப்பிடும் நேரத்தில் இன்னொரு முறை கழிவறைக்கு ஓடினேன். எதற்கும் இருக்கட்டும் என்று.

டாக்டர் பெண். ஆண் டாக்டராக இருந்திருந்தால் பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாம் என்பதோ, ஒரு நர்ஸைக் கூட வைத்துக்கொள்ளலாம் என்பதோ எனக்கு அப்போது தெரியாது. "செப்பம்மா", சொல்லும்மா என்று தெலுங்கில் ஆரம்பித்தவர், என் பேச்சைக் கேட்டுத் தமிழுக்கு வந்தார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறாய்? எவ்வளவு தண்ணீர், எவ்வளவு டீ குடிக்கிறாய்? அடக்க முடியாமல் வருகிறதா, இருமும்போது மட்டும் வருகிறதா? மலச்சிக்கல் உண்டா? பிரசவத்தில் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுத்தார்களா, தையல் எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் சொன்னேன், உடனே மாற்றிச் சொன்னேன். இரண்டு மூன்று நாள் கவனித்துக் குறித்துக்கொண்டு போயிருந்தால் இந்தத் திணறல் இல்லை. பிரசவ ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதங்களோ வீட்டு பீரோவில் கிடந்தன. சிறுநீருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டு வந்திருந்தேன்.

திரைக்குப் பின்னால் படுக்க வைத்து இருமச் சொன்னார். இருமினேன். ஒன்றும் வரவில்லை. எழுந்து நின்று இருமச் சொன்னார். தொண்டை எரிய இருமினேன். ஒரு சொட்டு இல்லை.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடமாக இதெல்லாம் என் பிரமையா? இவரும் சத்து மாத்திரைதான் எழுதப்போகிறார்.

அப்போது திரைக்கு வெளியே, குழந்தையை வைத்துக்கொண்டிருந்த கணவரின் குரல்: "மேடம், எம் பொண்டாட்டி நேத்து சாயங்காலத்துலருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. காலைல இட்லி துன்னும்போது கூட வேணான்னுச்சு."

டாக்டர் சிரித்துவிட்டார். "காலி குடத்தை எடுத்துட்டு வந்து ஓட்டை எங்கேன்னு பார்க்கச் சொல்றியேம்மா! போய் தண்ணி குடி. நல்லா முட்டும்போது வா. யூரின் டெஸ்ட்டுக்கும் கொடுக்கணும்."

வெளியே ஒரு பெஞ்சு முழுக்க ஆட்கள் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். நானும் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு வெகுநேரம் நின்றேன். பிறகு பிச்சாட்டூரிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா எனக்கு இடம் விட்டார்.

"நீயும் தண்ணி பார்ட்டியா? குந்து. எனக்கு ஸ்கேனாம். முட்டிக்கினு கீது, கூப்புட மாட்டேன்றாங்க."

"அக்கா, சிரிக்க வெக்காதீங்க."

"நான் எங்க சிரிக்க வெச்சேன்? நானே அழுதுக்கினு கீறேன். கதவு தொறந்தா நீ ஓரமா நவுந்துக்கோ, மொதல்ல நான்தான் ஓடுவேன்."

நான் சிரித்தேன். சிரித்ததும் தெரிந்தது, என் கோளாறு எங்கேயும் போய்விடவில்லை. எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். கணவர் வந்து மெல்லக் கேட்டார்: "இன்னா, ரொம்ப முடியலயா?"

"வந்துடுமோன்னு பயமா கீது. வராம பூடுமோன்னும் பயமா கீது. இந்த வாட்டி நீங்க உள்ள வராதீங்க."

"சரி" என்றார். அவ்வளவுதான். அதைக் கேட்க நான் அரை மணி நேரம் யோசித்திருந்தேன்.

உள்ளே ஒரே ஒரு முறை இருமினேன். படுக்கை விரிப்பு நனைந்தது. அதைப் பார்த்து இவ்வளவு நிம்மதி வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். "சரிதான், இருக்கு" என்றார் டாக்டர்.

கழிவறைக்குப் போய் டெஸ்ட்டுக்கும் கொடுத்துவிட்டு வந்த பிறகு, உள்ளே விரல் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். வலித்தால், வேண்டாம் என்று தோன்றினால், சொன்னவுடன் நிறுத்திவிடுவேன் என்றார். வலிக்கவில்லை. அந்த இடத்துத் தசையை இறுக்கச் சொன்னார். போனில் பார்த்து மாதக்கணக்கில் செய்துவந்த பயிற்சியைச் செய்து காட்டினேன்.

"இப்படித்தான் வீட்டுல செய்றியா? நீ கீழே முக்குறம்மா. காத்து பிரியாம அடக்குற மாதிரி உள்ளே, மேலே இழு. மூச்சைப் பிடிக்காதே."

சில மாதம் பிசியோதெரபி. பெரும்பாலானவர்களுக்கு நன்றாகக் குறையும், குறையாவிட்டால் மேற்கொண்டு பார்க்கலாம் என்றார். பயணத்துக்குக் கூடத் தண்ணீரை நிறுத்தாதே, சிறுநீர் கெட்டியானால் சிறுநீர்ப்பை இன்னும் எரிச்சல்படும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வெளியே வந்த பிறகுதான், நான் கேட்க வந்ததையே கேட்கவில்லை என்று உறைத்தது.

திரும்பிப் போய்க் கதவிடுக்கில் தலையை நீட்டினேன். நர்ஸ் முறைத்தாள். "மேடம், பிள்ளையத் தூக்கலாமா?"

"தூக்கு. முதல்ல இறுக்கிக்கோ, அப்புறம் மூச்சை விட்டுக்கினே தூக்கு" என்றார், என் பேச்சிலேயே.

வாசலில் மகள் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வா" என்றேன். அவள் அவரை ஒரு முறை பார்த்துவிட்டு வந்தாள். தூக்கினேன். முன்பைவிடக் கனமாக இருந்தாள். ஒன்றும் கசியவில்லை. இறுக்கியதாலா, சற்றுமுன் கழிவறைக்குப் போய் வந்ததாலா என்று தெரியவில்லை. இறுக்கிய பிறகு தூக்கினேனா, தூக்கிய பிறகு இறுக்கினேனா என்பதும் தெரியவில்லை. பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ கிடைக்கும்வரை அவளை இறக்கிவிடவில்லை.