கண்ணாடித் தட்டில் வளர்வது

எனக்கு எழுபத்தொரு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். நால்வர் நான் பெற்றவர்கள், இருவர் என் தங்கை விட்டுப்போனவர்கள். ஒருவரையும் பசியோடு படுக்கவிட்டதில்லை. இப்போது ஏழாவதாக ஒன்று கொழும்பில் வளர்கிறது. அது நான் கேட்டு வந்ததல்ல.

புற்றுநோய் என்று என் இடது மார்பை எடுத்தார்கள். உடம்பிலிருந்து வெட்டியதை மண்ணில் அடக்குவது எங்கள் வழக்கம். மூத்த மகன் அதை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, குறிஞ்சிப்பிட்டி மையவாடியில் அவன் வாப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கினான். ஆராய்ச்சிக்கென்று ஒரு சிறு துண்டை மட்டும் டாக்டர் அம்மா முன்பே கேட்டிருந்தார். பார்த்துவிட்டுத் தருவார்கள் என்று நினைத்து ஓம் என்றேன்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது அந்தத் துண்டைத் திருப்பிக் கேட்டேன்.

"அது இன்னும் உயிரோட இருக்குது உம்மா. கண்ணாடித் தட்டுல வளருது. தட்டு நிரம்பினா வேற தட்டுக்குப் பிரிச்சு வைக்கிறம்."

"என்னத்தத் திண்டு வளருது?"

"நாங்கதான் சாப்பாடு குடுக்கிறம்."

"என்ட புள்ளைகளுக்கும் குடுத்தன். அதுகள் ஒரு அளவோட நிண்டுதே."

டாக்டர் அம்மா சிரித்துவிட்டுச் சொன்னார். உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் வளரச் சொல்லும், ஜீன் என்கிற பரம்பரை அலகு ஒன்று உண்டாம். உம்மா வழியில் ஒரு பிரதி, வாப்பா வழியில் ஒரு பிரதி. என் கட்டியில் அது பல பிரதிகளாகப் பெருகிவிட்டதாம். சிறு வயதில் ஒரே எழுத்தைச் சிலேட்டு நிறைய எழுதி, வேறெதற்கும் இடமில்லாமல் செய்தது ஞாபகம் வந்தது. எந்த மருந்து அதை நிறுத்தும் என்று அந்தத் தட்டில்தான் பார்க்கிறார்களாம்.

"நான் வேணாமெண்டு சொன்னா?"

"நிப்பாட்டிருவம் உம்மா. உங்கட விருப்பம்தான்."

விருப்பம் என்று சொல்லியே என்னைக் கட்டிப்போட்டார். என் உம்மாவும் வாப்பாவும் மன்னார் மண்ணில் அடங்கியிருக்கிறார்கள். தொண்ணூறில் எங்களை ஊரைவிட்டு விரட்டியபோது அவர்களை விட்டு வந்தவள் நான். என் உடம்பாவது ஒரே இடத்தில் கிடக்கட்டும் என்றிருந்தேன். நிறுத்தச் சொன்னால், நாளைக்கு என் மகளுக்கு இதே நோய் வந்தால் வேண்டிய மருந்துக்கு நானே குறுக்கே நிற்பேன். விட்டுவிட்டால், நான் மௌத்தான பிறகும் அது தட்டுத் தட்டாகப் பெருகும். வலைக்கண்ணில் செவுள் மாட்டிய மீன் முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. அப்படித்தான் இருக்கிறேன்.

அதனால் டாக்டர் அம்மாவுக்கு இந்தக் கடிதத்தை எழுதினேன். நான் இருக்கும்வரை வளரட்டும். நான் போகும் அன்று நிறுத்தி, மிச்சத்தை என் கபுரில் அடக்க அனுப்ப வேண்டும். அவர் சம்மதிப்பாரோ, தெரியாது.

பேத்தி எட்டிப் பார்த்தாள்.

"உம்மம்மா, நான் வடிவா மாத்தி எழுதட்டா?"

"வேணாம். உள்ளத உள்ளபடி ஒருக்கா வாசி. அண்டைக்குச் சரியாக் கேக்காம ஓம் எண்டுட்டன், இந்த முறை கேட்டுப்போட்டுத்தான் கையெழுத்து வைப்பன்."