மலை தாண்டாத கூப்பாடு

சுவர்ப் பெட்டியில் மினுக்கும் பச்சை விளக்குகளின் மேல் கத்தரீனாள் உள்ளங்கையைக் கூரைபோல் கவிக்கிறார். பகல் வெளிச்சத்தில் அவை துடிப்பது தெரியாதாம். கொஞ்ச நேரம் உற்றுப் பார்க்கிறார். "ம், மூச்சு இருக்கு." அடுத்த மலைக்குக் கிளம்பிவிடுகிறார்; ஊர்சுற்றி எழுதும் நானும் பின்னாலேயே.

மாட்டுப்பட்டிக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் ஐந்து மலைகள். மலைக்கொன்றாக ஐந்து கணினி வலைகள். அவற்றைப் பராமரிக்கும் கத்தரீனாள், பத்து வருடம் கொழுந்து பறித்துவிட்டு, மாலை வகுப்பில் நெட்வொர்க் படித்து இந்த வேலைக்கு வந்தவர். பையில் கேபிள் வெட்டும் கருவியோடு, காலில் ஏறும் அட்டைக்கு ஒரு உப்புப் பொட்டலமும் உண்டு.

புதிதாக மாட்டிய கணினிக்கு முகவரி இருக்காது. 'எனக்கொன்று கொடுங்கள்' என்று தன் வலை முழுக்கக் கூவும். கொடுக்கும் சர்வரோ ஆபீசில் ஒன்றுதான்.

"லயத்து வீட்டுல நின்னு கத்துனா ஆபீசுக்குக் கேக்குமா? அதான் மலைக்கு ஒரு ஆளு வச்சிருக்கேன்" என்று ரவுட்டரைத் தட்டுகிறார். கூப்பாடு எந்த மலையிலிருந்து என்பதையும் சேர்த்து அது ஆபீசுக்குச் சொல்லும். அந்த மலைக்கென்று ஒதுக்கியதில் ஒரு முகவரி நொடியில் வந்துவிடும். பதினோரு நாடுகளில் இணையம் எனக்குத் தானாகவே கிடைத்தது. யார் கொடுத்தார் என்று நான் கேட்டதே இல்லை.

போன செவ்வாய் காலை, மூன்றாம் மலை டிஸ்பென்சரி. முந்தின நாள் இடியில் கருகிய கணினிக்குப் பதிலாகப் புதியதை நர்ஸ் சிஞ்சு மாட்டியிருந்தாள். தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு விறகு போடும் சூசையப்பன் நெஞ்சைப் பிடித்தபடி கிடந்தார். அவருடைய ஈசிஜி நகரத்து டாக்டருக்குப் போகவில்லை. டாக்டர் அதைப் பார்த்துச் சொல்லாமல் ஊசி போட முடியாது. செல்போன் எடுக்காத பள்ளம் அது.

வழக்கமான சுற்றில் என்னோடு அங்கே வந்த கத்தரீனாள் திரையைப் பார்த்தார். "ஏட்டி, இது நம்ம மலை நம்பரே இல்ல. எவன் குடுத்தான்?"

மருந்து அலமாரிக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது.

"வயர் எட்டல சேச்சி. அதான் எங்க வீட்டு வைஃபைய நடுவுல வச்சேன்."

"நல்ல ஆளுட்டி! அது வழிய மறிச்சு உக்காந்துகிட்டு, கேக்கறவனுக்கெல்லாம் அதுவே நம்பர் குடுக்குது. அந்த நம்பருக்கு வெளிய போக வழி இல்ல. மேசையைத் தள்ளு!"

பெட்டியைப் பிடுங்கினார். மேசை சுவரை இடித்தது. வயர் எட்டியது. கணினி மறுபடி கூவியிருக்க வேண்டும். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. முகவரி மாறியது. ஈசிஜி போனது. நான்கு நிமிடத்தில் டாக்டர் திரையில் வந்து ஊசியின் பெயரைச் சொன்னார். நோயாளியை உடனே கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரச் சொன்னார்.

ஊசி போட்டு, சூசையப்பனை ஜீப்பில் ஏற்றினார்கள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. அவர் கண்களைச் சுருக்கினார். ஜீப் நகரும்வரை கத்தரீனாள் பக்கத்தில் நின்று, அதே உள்ளங்கையை அவர் கண்களுக்கு மேல் கவித்துப் பிடித்திருந்தார்.