தண்ணீர் விழுகிற வரைக்கும்

ஆண்பிள்ளை பெற்றவர் மகள் வீட்டில் போய் உட்காரக் கூடாது. கடையம் பக்கத்தில் எங்கள் ஊரில் இது எழுதாத சட்டம். அம்மா போன பிறகு அப்பா என் இரண்டு அண்ணன்மார் வீட்டிலும் மாதம் மாற்றி மாதம் சாப்பிட்டார். ஒன்றாம் தேதி ஆனால் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடப்பார். அண்ணன்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெட்டியில் இருந்ததை அவர் எந்த வீட்டிலும் முழுதாக வெளியே எடுத்து வைத்ததில்லை.

அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. குற்றால சீசன். சாரல் அடிக்கிற காலத்தில் மகள் வீட்டில் தங்கி அருவியில் குளித்துவிட்டுப் போவதை யாரும் தப்பாகச் சொல்ல மாட்டார்கள். தென்காசியில் என் வீட்டுக்கு ஆனி மாதம் வந்து இறங்குவார், தன் சாப்பாட்டுக்கு அரிசி மூட்டையோடு. அந்த ரோஷம் வேறு! பெட்டியிலிருக்கும் வேட்டி, துண்டெல்லாம் அன்றைக்கே எங்கள் கொடியில் ஏறிவிடும். ஆவணிக் கடைசியில் தண்ணீர் குறைந்ததும் கிளம்பிவிடுவார்.

நயா பைசா வந்த புதிது. அந்த வருஷம் அப்பாவுக்கு முழங்கால் வீங்கி, அருவிப் பக்கமே போக முடியவில்லை. என் வீட்டுக்காரர் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெயும் துண்டும் விற்கிற கடை வைத்திருந்தார். சாயங்காலம் அவர் சைக்கிளை நிறுத்துமுன்னே அப்பா கேட்பார்.

"மாப்ள, தண்ணி விழுதா?"

"நல்லா விழுது மாமா."

அப்பாவுக்கு முகம் தெளிந்துவிடும். புரட்டாசி பிறந்த பிறகும் அதே கேள்வி, அதே பதில். கடையில் வியாபாரமே இல்லையென்று எனக்குத் தெரியாதா? எனக்குச் சுருக்கென்று பேசத்தான் வரும். ஒருவர் கேட்காமல் கேட்பதைப் புரிந்துகொள்ள வராது. பக்கத்து வீட்டு ஆச்சி, "ஒங்கப்பா இன்னும் ஊருக்குப் போவலியாட்டி?" என்று கேட்டிருந்தாள். பெரிய அண்ணனும் கடிதம் போட்டிருந்தான். மகன்கள் சோறு போடாமல் அப்பாவை விரட்டிவிட்டதாக ஊரில் பேசுகிறார்களாம், வெளியே தலைகாட்ட முடியவில்லையாம்.

கடிதம் வந்த மறுநாள் காலையில் அப்பா என்னிடமே கேட்டார், தண்ணீர் விழுகிறதா என்று.

"நின்னுட்டுப்பா. சொட்டுத் தண்ணி இல்ல."

பொய். முந்தின நாள்தான் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனபோது பார்த்திருந்தேன். பாறையை ஒட்டி, ஓர் ஆள் நின்று குளிக்கிற அளவுக்கு விழுந்துகொண்டிருந்தது. எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இதற்கு மட்டும் என்னை நானே மன்னிக்க முடியவில்லை.

அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அப்பம் நான் கெளம்புதேன்ட்டி" என்றார். கொடியில் கிடந்த துணிகளை அவரே எடுத்து மடித்தார். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஐப்பசி அடைமழையில் அருவி மறுபடி கொட்டியது. "மாமாவ வரச்சொல்லி எழுது" என்றார் அவர். சீசன் முடிந்த பிறகு என்ன சொல்லிக் கூப்பிடுவது, அண்ணன்கள் என்ன நினைப்பார்கள் என்று நாலு நாள் யோசித்தேன். ஐந்தாம் நாள் தந்தி வந்துவிட்டது.

அப்பாவைக் கிடத்தியிருந்த துஷ்டி வீட்டில் மதினி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "கடைசி ஒரு வாரமா, வந்தவுக போனவுககிட்டயெல்லாம் 'குத்தாலத்துல தண்ணி விழுதா'ன்னே கேட்டுக்கிட்டுக் கெடந்தாவ. புத்தி பெரண்டுட்டுன்னு நாங்க யாரும் பதிலே சொல்லல."